திரிகளை இணைப்பதும் பிரிப்பதும்

மன்றத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தை எப்படி மாற்றுவது என்றுதான். வீட்டில் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும், சுவரைத் தொட்டால் ஷாக் அடித்துக்கொண்டிருக்கும், அதற்கு வழி கேட்கத்தான் வந்திருப்பார்கள். ஆனால் முதலில் படம். நான் சலித்துக்கொண்டதே இல்லை. எங்கே அழுத்த வேண்டும், படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். ஊருக்கெல்லாம் பொறுமை, வீட்டில் மட்டும் அது ஸ்டாக் இல்லை என்பது என் மனைவியின் குறை.

நான் பிரிண்டர் மெக்கானிக். அலுவலகம் அலுவலகமாகப் போய், காகிதம் சிக்கிக்கொண்ட மெஷின்களின் வயிற்றைத் திறந்து பார்ப்பது வேலை. அது சோற்றுக்கு. மனசுக்கு என்றால் மன்றம். வீட்டில் ஏதாவது பழுதானால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நாமே என்ன செய்யலாம் என்று பேசிக்கொள்ள இணையத்தில் ஓர் இடம், அவ்வளவுதான். ஆரம்பித்தபோது நிர்வாகிகள் மூன்று பேர். ஒருவர் வேலை மாறிப் போனார். இன்னொருவர் கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போனார். மிஞ்சியது நான் ஒருவன். அங்கே எனக்குப் பெயர் திருப்புளி. முகம் தெரியாத எத்தனையோ பேர் என்னைத் திருப்புளி அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான்.

"யார் வீட்டுக் குழாயோ ஒழுகுதுன்னு இங்க உக்காந்து எழுதுறீங்க. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது காதுல விழலையா, திருப்புளி அண்ணா?"

விழும். ஆனால் நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்தால் யாரும் நன்றி சொல்வதில்லை.

நன்றி என்பது எங்கள் மன்றத்தில் ஒரு பொத்தான். ஒரு பதில் உங்களுக்கு உதவியாக இருந்தால் அதன் கீழே இருக்கும் பொத்தானை அழுத்தலாம். பதில் எழுதியவருக்கு உடனே ஒரு வரி போகும்: இன்னார் உங்களுக்கு நன்றி தெரிவித்தார். மன்றத்தில் அதிக நன்றி வாங்கியவன் நான். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. முகப்பிலேயே போட்டிருக்கிறது.

எனக்குக் குப்பை பிடிக்காது. ஒருவர் கேட்கும் கேள்வி, அதன் கீழே வரும் பதில்கள், எல்லாம் சேர்ந்தது ஒரு திரி. ஒரே கேள்வியை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு திரி ஆகிவிடும். தேடி வருகிறவர்கள் எதைப் படிப்பது என்று முழிப்பார்கள். அதற்காகத்தான் இணைக்கும் வசதி இருக்கிறது. இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே திரியாகிவிடும். பதிவுகள் நேர வரிசையில் நிற்கும். முதலில் எழுதியது மேலே, பிறகு எழுதியது கீழே. எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இதை நானே உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இணைத்த பிறகு மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பார்க்கவும் என்று, தடித்த எழுத்தில்.

குளிர் தொடங்கிய ஒரு நாள், இரண்டு பேர் கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டர் பற்றிக் கேட்டிருந்தார்கள். இருவரும் தலைப்பில் எழுதியது ஒன்றேதான்: கேஸ் ஹீட்டருக்குப் புகைக்குழாய் அவசியமா? காலையில் கேட்டவருக்கு மாடிவீடு என்று பெயர். ஹீட்டரைத் திறந்த பால்கனியில் மாட்டப் போவதாக எழுதியிருந்தார். மதியம் கேட்டவர் பெயர் புதுவீடு. அவர் குளியலறைக்குள்ளேயே மாட்டப் போகிறார். சின்ன ஜன்னல் ஒன்று உண்டாம், குளிருக்கு அதை மூடியே வைத்திருப்பார்களாம். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள், குழந்தைக்குச் சளி பிடித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் வெந்நீர் வசதி என்று தேவையில்லாத விவரமெல்லாம் எழுதியிருந்தார். புதியவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

வேலை முடிந்து வந்ததும் மாடிவீட்டுக்குப் பதில் எழுதினேன். "தேவையில்லை. அப்படியே மாட்டலாம். கவலைப்படாதீர்கள்." திறந்த பால்கனிக்கு அது சரியான பதில். கேஸ் எரியும்போது வரும் புகையில் மணமே இல்லாத ஒரு விஷம் உண்டு. வெளியில் என்றால் காற்று கொண்டுபோய்விடும். மூடிய அறையில் என்றால் உள்ளே இருப்பவர் தூக்கம் வருவதுபோல் சாய்ந்துவிடுவார். புதுவீட்டுக்கு இதையெல்லாம் விளக்கி எழுத வேண்டும், கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் கண்ணை உறுத்திய வேலையை முடித்தேன். ஒரே தலைப்பில் இரண்டு திரிகள். இணைத்தேன்.

சாப்பிட வாருங்கள் என்று மனைவி கூப்பிட்டாள். போனேன். மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும். மேலே மாடிவீட்டின் கேள்வி. அதன் கீழே புதுவீட்டின் கேள்வி. புதுவீட்டின் கேள்விக்கு நேர் கீழே என் பதில். தேவையில்லை, அப்படியே மாட்டலாம், கவலைப்படாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது போனில் ஒரு வரி காத்திருந்தது. புதுவீடு உங்களுக்கு நன்றி தெரிவித்தார்.

நான் இன்றுவரை தாண்ட முடியாமல் நிற்கும் இடம் இதுதான். அவருக்கு நான் இன்னும் பதிலே எழுதவில்லை. எழுதாத பதிலுக்கு ஒருவர் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு விநாடி யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. நன்றி வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எதற்கு என்று கேட்டு வாங்கும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

புதுவீட்டுக்கு எழுத வேண்டிய நீளமான பதிலை மறந்தேபோனேன். திரி ஒன்றாகி, பதிலும் இருந்ததால் பதிலளிக்காத கேள்விகளின் பட்டியலில் அது வரவில்லை. வசதிகள் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தன.

சில வாரங்கள் கழித்து, மதியம் ஒரு அலுவலகத்தில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போனில் அந்தப் பதிவைப் பார்த்தேன். அதே திரியில், எல்லாவற்றுக்கும் கீழே: "அண்ணா, நீங்க சொன்னபடி அப்படியே மாட்டினேன். என் மனைவி குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. இறந்துவிட்டாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது."

கையில் மை ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுத் திரியை மேலிருந்து கீழ்வரை படித்தேன். இணைத்த அன்றே செய்திருக்க வேண்டியதை இப்போதுதான் செய்தேன். அந்த அலுவலகத்துக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே யாரோ, "பிரிண்டர் ரெடியாயிடுச்சா சார்?" என்று கேட்டார்கள். இதோ என்றேன்.

பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன வேலை.

முதலில் அவருடைய அந்தப் பதிவை மறைத்தேன். வேறு யாரும் பார்ப்பதற்குள் மறைத்துவிட்டேன். கண்டவர்கள் வந்து அந்த மனிதரைக் குத்திக்கிழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குத் தனிமடலிலும் அதையே எழுதினேன். அவர் அதற்கும் நன்றி சொன்னார்.

அடுத்து, திரியை மறுபடி இரண்டாகப் பிரித்தேன். இணைக்கும் வசதி இருந்தால் பிரிக்கும் வசதியும் இருக்கும். என் பதில் மாடிவீட்டின் கேள்விக்குக் கீழே, அது எழுதப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இருந்த ஒழுங்குக்கே கொண்டுவந்தேன். மாடிவீடு தன் பதிலை வாங்கிக்கொண்டு போனவர், மறுபடி அந்தப் பக்கம் வரவேயில்லை. இப்போது யார் பார்த்தாலும் என் பதில் சரியான கேள்விக்குச் சரியான பதில்தான்.

என் பதிலின் கீழே புதுவீட்டின் நன்றி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன். கொடுத்தவர்தான் திரும்ப எடுக்க முடியும் என்று உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நிர்வாகியாலும் முடியும்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் புதுவீட்டின் கேள்வி இப்போது மொட்டையாக நின்றது. குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் மாட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், மன்றம் வாயைத் திறக்கவே இல்லை என்று காட்டியது. அது உறுத்தியது. அதனால் அன்று எழுத நினைத்த நீளமான பதிலை உட்கார்ந்து எழுதினேன். மூடிய அறையில் மாட்டவே கூடாது, உயிருக்கு ஆபத்து, புகைக்குழாய் வைத்தாலும் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினேன். நல்ல பதில். நான் எழுதியவற்றிலேயே மிகத் தெளிவானது அதுதான். நிர்வாகி ஒரு பதிவை ஏற்றும்போதே அதன் தேதியைப் பழையதாக மாற்ற முடியும், அப்படி ஏற்றினால் யாருக்கும் அறிவிப்பு போகாது. அவர் கேள்வி கேட்ட அன்று மாலைக்கு மாற்றினேன். அன்று எழுத வேண்டியதுதானே. அது இருக்க வேண்டிய தேதியில் வைத்தேன்.

பிறகு அவருக்கு எழுதினேன். "தம்பி, உங்கள் துக்கம் புரிகிறது. ஆனால் நான் மாட்டச் சொல்லவில்லையே. உங்கள் கேள்விக்குக் கீழே பாருங்கள். நீங்கள் பார்த்தது பால்கனியில் மாட்டுகிறவருக்கு நான் எழுதியதாக இருக்கலாம்."

உடனே பதில் வரவில்லை. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அவர் உள்ளேதான் இருந்தார், படித்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது.

"நான் இத பாக்கவே இல்லயே அண்ணா."

கொஞ்ச நேரம் கழித்து: "பாத்திருப்பேன். அன்னிக்கு அவசரத்துல இருந்தேன். என் கண்ணு எங்க போச்சுன்னு தெரியல."

இன்னும் கொஞ்சம் கழித்து: "நீங்க இவ்வளவு எழுதியிருக்கீங்க. நான்தான் அவள கொன்னுட்டேன்."

அப்படியெல்லாம் பேசக் கூடாது தம்பி என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. இங்கே பயந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வரும் என்று பயந்தேன். என் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். இதைவிட அதிகமாகப் பயந்தது இன்னொன்றுக்கு, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மன்றத்தில் திருப்புளி என்ற பெயருக்கு என்ன ஆகும் என்று பயந்தேன்.

இறந்துபோன பெண்ணுக்கு ஒரு அக்கா இருந்தார். குழந்தைக்குப் பெரியம்மா. கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களை உட்காரவைத்து லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று கேட்கும் வேலை. அவர்தான் எனக்கு மெயில் எழுதினார். மன்றம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது, நேரில் சொல்லித்தருவீர்களா என்று கேட்டிருந்தார். காரணத்தையும் மறைக்கவில்லை. மறுத்தால் சந்தேகப்படுவார் என்று வரச் சொன்னேன். அது பாதி உண்மை. சொல்லிக்கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் எனக்கு மறுக்க வராது என்பது மீதி.

கடைக்கு விடுமுறை நாட்களில் வந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் பாடம். முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டார்.

"பாப்பா இப்ப எங்க வீட்டுல இருக்கா. அவங்கப்பாகிட்ட திரும்ப அனுப்பறதா வேண்டாமான்னுதான் இப்ப பேச்சு. எச்சரிக்கை எழுதியிருந்தும் கேக்காதவன்கிட்ட எப்படி புள்ளைய விடுறதுன்னு எங்கப்பா கேக்குறார். நான் ஒரு வார்த்தை சொன்னா வீட்டுல கேப்பாங்க. அதனால நானே பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"முன்னாடி, மாட்டலாம்னு போட்டிருந்ததப் பாத்தேன்னார். நன்றிகூட அழுத்தினேன்னார். இப்ப, எல்லாம் என் தப்புதான், நான்தான் சரியா படிக்கலங்குறார். எது நெஜம்னு தெரியல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார். "அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். கடைக்குக் கூட்டிட்டுப் போய் நானே டெஸ்ட் பண்ணேன்."

குழந்தை தினமும் அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறது என்றும் சொன்னார். அந்தப் பெரியம்மா பார்க்க வந்தது தங்கை கணவர் குற்றவாளி என்று நிரூபிப்பதற்கு அல்ல. அவர் மேல் தப்பு இல்லை என்று எங்கேயாவது ஒரு தடயம் கிடைக்காதா என்றுதான் வந்தார். எனக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது.

உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். எல்லோரையும் போல அவரும் படத்தை எப்படி மாற்றுவது என்றுதான் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். தன் போனிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டிருந்த பெண், தோளில் ஈரத் துண்டு. "என் தங்கச்சி," என்றார். அந்த முகத்தை நான் பார்த்தது அப்போதுதான். கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அதற்குப் பிறகு அவர் மன்றத்தில் எதை எழுதினாலும் பக்கத்தில் அந்த முகம் வந்து நிற்கும்.

என் மனைவிக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. "பாவம், எவ்வளவு நிதானமா பேசுறாங்க. உங்களாலயாவது அவங்களுக்கு ஒரு தெளிவு கெடைக்கட்டும்," என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அடுத்த முறை தேடும் வசதியைச் சொல்லிக்கொடுத்தேன். புதுவீட்டின் கேள்வியை அவரே தேடி எடுத்தார். அதன் கீழே என் நீளமான பதிலை உதடு அசைய மெதுவாகப் படித்தார். தேதியைப் பார்த்தார். பிறகு மாடிவீட்டின் திரியையும் எடுத்துப் படித்தார். மறுபடி முதல் திரி. அவர் வேலையே அதுதானே. இது தெளிவா, அது தெளிவா.

அதற்கடுத்த முறை நன்றி. ஓர் உறுப்பினரின் பக்கத்துக்குப் போனால் அவர் யார் யாருக்கு நன்றி தெரிவித்தார் என்ற வரிசை தெரியும் என்று காட்டினேன். அவர் புதுவீட்டின் பக்கத்தைத் திறந்தார். குழாய் அடைப்பு பற்றி ஒரு நன்றி, கதவுக் கீல் பற்றி ஒரு நன்றி. ஹீட்டர் பற்றி எதுவும் இல்லை.

"ஒரு தடவ அழுத்தினத யாராவது எடுத்துட முடியுமா?"

"அழுத்தினவங்க எடுக்கலாம்."

"வேற யாரும்?"

"இல்ல," என்றேன்.

இல்ல என்பது சின்னச் சொல். ஆனால் அதுவரை நான் யாருக்கும் தவறாகச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அன்று அவர் போன பிறகு அதுதான் அதிகமாக உறுத்தியது. எவ்வளவு கேவலமான மனசு பாருங்கள். ஒரு பெண் செத்துப் போயிருக்கிறாள், ஒரு குழந்தை அப்பாவைக் கேட்டு அழுகிறது, எனக்கு ஒரு பாடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தல்.

கடைசியாக மணி. பாடத்தை நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு மணியைப் பற்றித் தெரியவே தெரியாது. ஆனால் பக்கத்தின் மூலையில் அந்தச் சின்ன மணிப் படம் இருக்கிறது, இது என்ன என்று அவர் கேட்டார், எனக்குள் இருக்கும் வாத்தியார் விழித்துக்கொண்டான். ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மணி தானாகவே போடப்பட்டுவிடும், யார் பதில் எழுதினாலும் உங்கள் மெயிலுக்கு ஒரு நகல் வந்துவிடும் என்றேன். வெறுமனே சொல்லவில்லை, செய்தும் காட்டினேன். அவரை ஒரு சோதனைக் கேள்வி எழுதச் சொல்லி, என் கம்ப்யூட்டரிலிருந்து நான் பதில் எழுதினேன். அவருடைய கைப்பையிலிருந்து போன் சிணுங்கியது. அருமையாக வேலை செய்தது.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று திறந்தது. நிமிர்ந்தார்.

"அப்படின்னா, அன்னிக்கு நீங்க அந்த எச்சரிக்கைய எழுதினப்ப அவருக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்திருக்கணும்ல?"

நான் அந்தச் சோதனைக் கேள்வியை அழிக்க ஆரம்பித்தேன்.

"அவர் மெயில நான் முழுசா பாத்தேன் சார். அழிக்கிற பழக்கமே இல்லாத மனுஷன். குழாய்க்கு வந்தது இருக்கு, கதவுக்கு வந்தது இருக்கு. அது என்னன்னு அப்ப எனக்குப் புரியல. ஹீட்டருக்கு வந்தது இல்ல."

எல்லாம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்தால் நல்லது என்று ஒரு கணம் மனசார நினைத்தேன், அது பொய் இல்லை. ஆனால் என் வாய் வேறு சொன்னது.

"மணிய அணைச்சு வெச்சிருந்தா வராது."

"அணைச்சிருக்காரான்னு பாக்க முடியுமா?"

"நிர்வாகி பக்கத்துல பாக்கலாம். திறக்க கொஞ்சம் நேரமாகும். நீங்க காபி குடிச்சிட்டு வாங்க."

அவர் சமையலறைக்குப் போனார். என் மனைவி ஏதோ சொல்ல, அவர் சிரித்தது கேட்டது. எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் புதுவீட்டின் அமைப்புகளைத் திறந்தேன். அந்தத் திரிக்கு மணி போட்டபடியே இருந்தது. அணைத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்வதற்காவது ஏதாவது இருந்திருக்கும்.

அவர் டம்ளரோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இங்க பாருங்க. அணைச்சு வெச்சிருக்கார்," என்றேன்.

காபி ஆறும்வரை அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த முகம் மூடிக்கொண்டது. "அவ எப்பவும் சொல்லிட்டே இருப்பா, இவர் எதையும் பாதியில விட்டுருவார்னு," என்றார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "நான் வேற மாதிரி இருக்கும்னு நெனச்சு வந்தேன் சார்," என்றார். போகும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பொறுமையானவர் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது.

தான் மணியை அணைக்கவே இல்லை என்று புதுவீடு வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. தன்னை நம்புவதை அவர் முன்பே விட்டுவிட்டார். சில நாள் கழித்து எனக்கு எழுதினார்.

"அண்ணா, பாப்பாவ அவ பெரியம்மா வீட்டுலயே விட்டுட்டேன். அதான் சரி. என்ன நம்பி ஒரு குழந்தைய விடக் கூடாது. போறப்ப என் சட்டையப் புடிச்சிக்கிட்டா. விரல ஒண்ணொண்ணா எடுத்துவிட்டேன்."

மனதைத் தளரவிடாதீர்கள் தம்பி, நான் இருக்கிறேன் என்று பதில் எழுதினேன். அவர் அதற்கு நன்றிப் பொத்தானை அழுத்தினார். அந்த நன்றியை நான் நீக்கவில்லை.

இப்போது அவர் தினமும் மன்றத்துக்கு வருகிறார். யார் ஹீட்டர் பற்றிக் கேட்டாலும் எனக்கு முன்னால் அவர் பதில் எழுதிவிடுகிறார். "நிர்வாகி எச்சரித்தும் கேட்காமல் மனைவியை இழந்தவன் நான். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்." எல்லோருக்கும் அதே வரிதான். ஏராளமான பேர் அவருக்கு நன்றி சொல்கிறார்கள். எத்தனை பேர் குளியலறையிலிருந்து ஹீட்டரைக் கழற்றியிருக்கிறார்கள் தெரியுமா? அதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ளப் பார்த்தேன். ஆண்டின் சிறந்த உறுப்பினர் என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்தேன். தகுதியில்லாதவன் அண்ணா நான், எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஹீட்டர் மின்சாரத்தில் ஓடுவது, அதில் ஓர் ஆபத்தும் இல்லை. இருந்தும் நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். ஏன் இப்படி என்று மனைவி கேட்டாள். உடம்புக்கு நல்லது என்றேன். குளிரில் பற்கள் கிட்டும்போது ஒரு சின்ன நிம்மதி. அந்த மனிதர் தன் குழந்தையின் விரல்களை எடுத்துவிட்டதற்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு என்று எனக்கே தெரிகிறது. ஒரு சொடுக்கில் அந்தப் பதிவின் தேதியைத் திருப்பிவிடலாம். ஒரு போனில் பெரியம்மாவிடம் சொல்லிவிடலாம். அவர் எண் என்னிடம் இருக்கிறது. எண்ணை எடுத்துப் பார்ப்பேன். வைத்துவிடுவேன்.

புதுவீட்டின் கண் சரியாகத்தான் பார்த்தது. அவர் படித்தது நான் எழுதியதைத்தான், படித்தது அவர் கேள்விக்குக் கீழேதான். அவர் மனைவி இறந்தது என் கவனக்குறைவால். அவர் குழந்தையை இழந்தது என் கவனத்தால். இதை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் இனி இருக்க முடியாது. அதனால் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன், நீங்கள் மேலே படித்ததுதான் அது. எழுத்துப் பிழை பார்த்துத் திருத்தி, இன்று காலை மன்றத்திலேயே பதிவிட்டும்விட்டேன். பொதுப் பகுதியில் இல்லை. அங்கே போட்டால் ஆளாளுக்கு ஏதாவது சொல்லி விஷயம் திசைமாறிப் போகும். நாங்கள் மூன்று பேராக இருந்தபோது வைத்த, நிர்வாகிகள் மட்டும் திறந்து படிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, அங்கே போட்டேன். மறைக்க நினைக்கிறவன் எழுதவே மாட்டானே. பதில் எழுதும் வசதியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். யாராவது ஒருவர், நீ செய்தது கொலைக்குச் சமம், போய் உண்மையைச் சொல் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அந்த நிமிடமே கிளம்பிவிடுவேன். இதுவரை யாரும் எழுதவில்லை.